மெல்லிய குரலும் ஹெட்செட் மைக்கும்: பதிவுக்கு முன் பார்க்கவேண்டியவை

இணையவழியில் சாட்சியம் பதியப்படும்போது அதிகம் கேட்கும் வசனம், “அம்மா, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கோ” என்பதுதான். மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் தாய் அந்த இடத்திலேயே நிறுத்தி, தொண்டையைச் செருமி, அதே வசனத்தை உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டாவது தடவை சொல்லும்போது வசனம் சுருங்கிவிடும். மூன்றாவது தடவையும் கேட்டால் “அதுதான் சொன்னேனே” என்று முடித்துவிடுவார். அவர் சுருக்கிய அந்தப் பகுதியில்தான் வாகனத்தின் நிறமும் திகதியும் இருந்திருக்கும்.

போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்கிறவர்களுக்கு நான் கணினிப் பக்கத்தில் உதவி செய்கிறேன். நான் கண்டவரை, குரல் மெல்லியதாகக் கேட்பதற்கு அந்த அம்மாவின் தொண்டை காரணமாக இருந்தது மிகக் குறைவு. பிளக் பிழையான துளையில் இருக்கும், அல்லது விண்டோஸ் வேறொரு மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஒலியளவு குறைத்து வைக்கப்பட்டிருக்கும். பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவர் வந்து கதிரையில் இருப்பதற்கு முன்னர் செலவாகவேண்டும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடமுடியாததற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று இந்தக் குடும்பங்கள் ஒரே கதையைச் சொல்லி வந்திருக்கின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021 மார்ச் மாத 46/1 தீர்மானத்திற்குப் பிறகு, தகவல்களையும் சான்றுகளையும் திரட்டிப் பாதுகாக்கும் வேலை நாட்டுக்கு வெளியே நடக்கிறது. ஒரு தாயின் குரல் என்றோ ஒரு நாள், அவரை ஒருபோதும் காணாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் காதில் விழவேண்டும். அன்று திரும்பக் கேட்க அவர் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணம் ஒலியின் இயல்பு. குறைந்த சத்தத்தில் பதிந்த குரலைப் பிறகு கணினியில் கூட்டலாம், உண்மைதான். ஆனால் குரலோடு சேர்ந்து மின்விசிறி, கணினிக்குள் சுற்றும் காற்றாடி, வெளியே போகும் முச்சக்கரவண்டி எல்லாமே அதே அளவு கூடும். குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம் பதிவின்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அத்துடன் பேச்சில் உயிரொலிகள்தான் பலமானவை. க், ச், த், ற் போன்ற மெய்யொலிகள் பலவீனமானவை. பதிவு மெலியும்போது முதலில் இரைச்சலுக்குள் மூழ்குவது அவைதான். அழுகிறார் என்பது கேட்கும், எந்த இடம் என்பது கேட்காது. பதினாலாம் திகதியா பதினாறாம் திகதியா, மாத்தளனா பொக்கணையா என்று வந்தால் அந்த ஒரு எழுத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இனி பிளக்குக்கு வருவோம். நான் பார்க்கும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்.

பழைய வகைக் கணினி ஹெட்செட்டில் இரண்டு பிளக்குகள் இருக்கும். பச்சை கேட்பதற்கு, றோஸ் நிறம் கதைப்பதற்கு. கணினியிலும் அதே நிறங்களில் துளைகள் இருக்கும். இன்று பலரிடம் இருப்பது கைத்தொலைபேசிக்கென்று செய்யப்பட்ட, ஒரே பிளக் உள்ள ஹெட்செட். அந்தப் பிளக்கை உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அதில் மைக்குக்கு இடமே இல்லை. மூன்று வளையம் இருந்தால் மைக்கும் சேர்ந்தது. இந்த மூன்று வளையப் பிளக்கைப் பச்சைத் துளையில் செருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது.

றோஸ் துளையில் செருகினால்தான் ஆட்களை ஏமாற்றும் விடயம் நடக்கிறது. மைக் வேலை செய்வதுபோலவே இருக்கும், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பதுபோல மிக மெல்லியதாகக் கேட்கும். அந்தப் பிளக்கின் நுனி இடது காதின் ஸ்பீக்கருக்கு உரியது. கணினியின் மைக் துளையோ நுனியில்தான் குரலைத் தேடும். ஆகவே கணினி பெரும்பாலும் கேட்பது இடது காதில் இருக்கும் ஸ்பீக்கரைத்தான். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே தத்துவத்தின் இரு பக்கங்கள் என்பதால் அதுவும் கொஞ்சம் சத்தத்தைப் பிடிக்கும். கண்டுபிடிக்க, பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு இடது காதுப் பகுதியைச் சுரண்டுங்கள். காதுப் பகுதி சத்தமாகக் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. இதற்கு, ஒரு பிளக்கை மைக் வேறு, காது வேறு எனப் பிரித்துத் தரும் சிறிய வயர் கடைகளில் உண்டு. இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கான இணைப்பியும் பார்வைக்கு அதேபோல இருக்கும் என்பதால், மைக் படம் போட்டதா என்று பார்த்து வாங்கவேண்டும். சில புதிய கணினிகளின் முன்பக்கத்தில் மைக்குடன் கூடிய ஹெட்செட் படம் போட்ட ஒற்றைத் துளை இருக்கும். அதில் இந்த வயர் தேவையில்லை.

அதே சுரண்டல் சோதனை இன்னொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். வெப்கமெராவுக்குள்ளும் ஒரு மைக் இருக்கிறது. வாய்க்கு அருகில் ஹெட்செட் மைக் இருக்க, விண்டோஸ் மூன்று அடி தள்ளி மேசையில் இருக்கும் வெப்கமெராவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஹெட்செட்டைச் சுரண்டும்போது சத்தமில்லை, வெப்கமெராவைத் தட்டினால் சத்தம் என்றால் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற பகுதிக்குப் போய் சரியான மைக்கைத் தெரிவுசெய்யவேண்டும். ஸும் போன்ற செயலிகள் தமக்கென்று தனியாக ஒரு தெரிவு வைத்திருக்கும். அங்கும் மாற்றாவிட்டால் பழைய கதைதான்.

சரியான மைக், சரியான துளை, அப்படியும் சத்தம் குறைவு என்றால்தான் அளவைத் தொடவேண்டும். திரையின் கீழே வலப்பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் அடையாளத்தில் வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்கள். விண்டோஸ் 11 இல் அந்தப் பக்கத்தின் அடியில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்றும் விண்டோஸ் 10 இல் ‘சவுண்ட் கொன்ட்ரோல் பனல்’ என்றும் ஒன்று இருக்கும். திறக்கும் சிறிய பெட்டியில் ரெக்கோர்டிங், பிறகு உங்கள் மைக்கில் இரண்டு கிளிக், பிறகு லெவல்ஸ். இரண்டு கோடுகளில் மேலே இருப்பது சாதாரண அளவு. கீழே ‘மைக்ரோபோன் பூஸ்ட்’ என்று இருக்கும், பெரும்பாலும் 0, 10, 20, 30 டெசிபல் என்ற படிகளில். பலருக்கு இந்தக் கோடு இருப்பதே தெரியாது. 20 டெசிபல் என்றால் மைக்கிலிருந்து வரும் சமிக்ஞை பத்து மடங்கு பெரிதாகிறது. முதலில் மேலுள்ளதை 80, 90 வரை கொண்டுபோய், பூஸ்டை 10 இல் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் 20. எடுத்த எடுப்பில் 30 இல் வைத்தால் குரல் உடைந்து கரகரக்கும். உடைந்த குரலைப் பிறகு யாராலும் ஒட்டமுடியாது. யூஎஸ்பி ஹெட்செட்டில் இந்தப் பூஸ்ட் கோடு பொதுவாக இருக்காது, அது குறையல்ல.

ஸும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மைக்கின் ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஒரு தெரிவு அதன் ஓடியோ பகுதியில் உண்டு. யாராவது பலமாக இருமினால் அது அளவைக் கீழே இழுத்துவிடும், அடுத்து வரும் மெல்லிய வசனம் அடிபட்டுப்போகும். சாட்சியப் பதிவில் அதை நிறுத்திவைப்பதே நல்லது. இரைச்சலை நீக்கும் வசதி இன்னும் கவனிக்கவேண்டியது. எது பேச்சு, எது இரைச்சல் என்று மென்பொருள் ஊகிக்கிறது. விம்மல், பெருமூச்சு, உதட்டுக்குள் முணுமுணுக்கும் பெயர் ஆகியவற்றை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடக்கூடும். அலுவலகக் கூட்டங்களுக்காகச் செய்யப்பட்ட கருவிக்கு ஒரு தாயின் விம்மல் என்னவென்று தெரியவேண்டிய அவசியமில்லை, ஆனால் பதிவு செய்கிற எங்களுக்குத் தெரியவேண்டும். அந்த வசதியை ‘லோ’ என்ற மட்டத்தில் வையுங்கள். அறையின் கதவைச் சாத்தி மின்விசிறியைக் குறைப்பது எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும்.

தூரமும் முக்கியம். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைகிறது, அதாவது சமிக்ஞை பாதியாகிறது. வாயின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி மைக்கை வைத்தால் போதும். நேர் முன்னால் வைத்தால் மூச்சுக்காற்று மோதும். சில மைக்குகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே துளை இருக்கும், அது வாயைப் பார்க்கவேண்டும். வயரில் தொங்கும் மைக் என்றால் சேலைத் தலைப்பில் உரசி எல்லாவற்றையும் மூடிவிடும்; அதைச் சட்டைக் கிளிப்பால் கழுத்துக்கு அருகில் பிடித்துவையுங்கள். வயதானவர்களுக்கு ஹெட்செட் தலையை இறுக்கும். அடிக்கடி கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள், அப்போது மைக் எங்கோ போய்விடும். இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டு, அவர் சம்மதத்துடன் சரிசெய்துவிடுவது நல்லது.

சத்தம் போதுமாக இருந்தும் ‘உம்ம்’ என்ற இரைச்சல் பின்னால் ஓடினால், பிளக்கை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்து கணினியின் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். முன்துளைக்குப் போகும் வயர் கணினியின் உள்ளே மற்ற வயர்களோடு வளைந்து போவதால் இரைச்சலைப் பிடிக்கும். அப்படியும் நிற்காவிட்டால் யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்று பழைய கணினிக்குப் பெரிய உதவி.

கோயில் திருவிழாவில் பாவிக்கும் லவுட்ஸ்பீக்கர் மைக்கைக் கொண்டுவந்து கணினியில் செருகினால் நன்றாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு சாதி. ஹெட்செட் மைக்குக்குள் சிறிய பெருக்கி ஒன்று இருக்கிறது, அதற்குத் தேவையான சில வோல்ட் மின்சாரத்தைக் கணினியே கொடுக்கிறது. மேடை மைக் அம்ப்ளிபயர் ஒன்றை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. நேரே கணினியில் செருகினால் ஹெட்செட்டைவிட மெல்லியதாகத்தான் கேட்கும்.

எல்லாம் சரியென்று பட்டதும் அரை நிமிடம் பதிவு செய்து பாருங்கள். “ஹலோ, ஹலோ” என்று சொல்லவைக்க வேண்டாம், அதை எல்லோரும் சத்தமாகத்தான் சொல்வார்கள். காலையில் என்ன சாப்பிட்டார், பஸ்ஸில் வந்தாரா என்று கேட்டு அவர் வழமையாகக் கதைக்கும் குரலைப் பதியுங்கள். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தக் குரலின் உச்சம் ‑12 டெசிபலை அண்டி நின்றால் நல்லது. அவர் தாழ்த்திக் கதைத்தாலும் கேட்கும், குரலெடுத்து அழுதாலும் உடையாது. பதிவைக் காதில் போட்டுக் கேட்டுவிட்டு, மேசையில் இன்னொரு கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து அதிலும் தனியாகப் பதிவை ஓடவிடுங்கள். இரண்டு பதிவு ஓடுகிறது என்பதையும், இரண்டும் எங்கே வைக்கப்படும் என்பதையும் அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.