ஆராதிக்கிறோமா, வணங்குகிறோமா?



ஆகஸ்டு 29 கொடியேற்றம் நெருங்கும்போது தஞ்சை வழியாக வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்வோரைக் காண்கிறோம். வழியில் பிற சமயச் சகோதரர் ஒருவர், "நீங்க மாதாவைத்தானே கடவுளா ஆராதிக்கிறீங்க?" என்று கேட்டால், நம்மில் பலர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். அந்த ஒரு சொல்லில் நமது விசுவாசமே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. நம்மைப் படைத்தவரிடம் நம்மை முழுவதும் கையளிப்பதே அது. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம். அன்னை மரியாவுக்குச் செலுத்துவது மேலான வணக்கம். ஆயினும் அது ஆராதனை அன்று. மூவொரு கடவுளுக்குரிய ஆராதனையிலிருந்து அது அடிப்படையிலேயே வேறுபட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் (எண் 66) கற்பிக்கிறது.

சொல் மாறினால் என்ன என்று நாம் நினைக்கலாம். கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாம், ஆராதனையோ கடவுளுக்கே என்று கிரேக்கத்தில் இரு சொற்களால் பிரித்துச் சொன்னது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் வணக்கத்தைக் குறித்த சொல் 'ஆராதனை' என்று பொருள்படுமாறு அமைந்துவிட்டது. அதைப் படித்த சார்லமேன் மன்னரின் நாட்டு இறையியலார் கொதித்தெழுந்தனர். 794-இல் பிராங்க்பர்ட்டில் கூடிய ஆயர்கள் அச்சங்கத்தின் போதனையையே மறுத்தனர். ஒரு வினைச்சொல்லால் வந்த பிளவு அது!

தமிழிலும் கவனம் தேவை. திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனை நடைபெறுகிறது. அங்கே அச்சொல், 1847-இல் மறைந்த இசை மேதைக்குச் செய்யும் அஞ்சலியைக் குறிக்கிறது. பக்கத்து ஊரில் வேறு பொருளில் வழங்கும் சொல்லை, நாம் கோவிலில் கடவுளுக்கென்றே வைத்திருக்கிறோம். ஆகவே நாம் விளக்காவிட்டால் கேட்பவர் தம் பொருளிலேயே புரிந்துகொள்வார். புனித வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனை என்று சொல்லும்போதும், நாம் ஆராதிப்பது மரத்தை அல்ல, அதில் தொங்கிய ஆண்டவரையே.

'கும்பிடுதல்' என்னும் நம் ஊர்ச் சொல்லோ இரண்டுக்கும் பொருந்தும். சாமியையும் கும்பிடுகிறோம், பெரியவர்களையும் கும்பிடுகிறோம். களத்தில் சிந்திய நெல்லைக் கால் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார் நம் விவசாயி. நெல்லை அவர் கடவுளாக்கவில்லை. அதைத் தந்தவரை நினைக்கிறார். கை செய்வது ஒன்றாக இருக்கலாம், உள்ளம் யாரை நோக்குகிறது என்பதே முக்கியம்.

எனவே இந்த ஆண்டு வழியில் யாரேனும் கேட்டால், அவசரமின்றி நின்று, "கடவுளை ஆராதிக்கிறோம், மாதாவை வணங்குகிறோம், எங்களுக்காக அவரிடம் வேண்டச் சொல்லிக் கேட்கிறோம்" என்று சொல்வோம். நம் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுப்போம். தம்மைத் தேடி வருவோரைத் தம் மகனிடம் அனுப்புவதே அந்த அன்னைக்கு மகிழ்ச்சி.