முன் விளைச்சலைக் கேளாமல் விதைப்பதா?

புதிய நெல்லினம் ஒன்றை யாராவது கொண்டுவந்து தந்தால் நாம் உடனே விதைத்துவிடுவதில்லை. சென்ற காலபோகத்தில் அதை விதைத்தவர்களைத் தேடிப் போய் விசாரிக்கிறோம். ஒருவருக்கு மட்டும் அமோகமாக விளைந்திருந்தால் அதை அப்படியே நம்புவதுமில்லை. தண்ணீர் கட்டிய வயல்காரரிடமும் கேட்கிறோம். கற்றறிந்த ஆய்வாளர்கள் பல வேளைகளில் இந்த விசாரிப்பைச் செய்யாமலே புதிய ஆய்வுகளைத் தொடங்கியிருக்கிறார்கள். மருத்துவத் துறையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுவதால் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. அந்த உறைவைக் கரைக்கும் மருந்து ஸ்ரெப்டோகைனேஸ். இதனை நாளத்தில் ஏற்றிப் பார்க்கும் 33 பரிசோதனைகள் 1959 முதல் 1988 வரை நடந்தன. நோயாளரில் ஒரு பகுதியினருக்கு மருந்தைக் கொடுத்து, மறுபகுதியினருக்குக் கொடாது விட்டு, இரு பகுதியிலும் இறந்தோரை ஒப்பிடுவது முறை. பல பரிசோதனைகள் மிகச் சிறியவை. தனியே பார்த்தால் தெளிவான விடை இல்லை.

1992 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இவற்றை ஆண்டு வரிசைப்படி ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்தனர். 1973 இலேயே, எட்டுப் பரிசோதனைகளில் 2,432 நோயாளர் சேர்ந்திருந்த வேளையில், மருந்து உயிர்களைக் காக்கிறது என்பது புலப்பட்டிருந்தது! அதன் பின்னும் 25 பரிசோதனைகளில் 34,542 பேர் சேர்க்கப்பட்டனர். விடை ஏறக்குறைய அதேதான். அவர்களுள் மருந்து பெறாத பகுதியில் விடப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம்! மருந்து கிடைத்திருந்தால் அவர்களிற் சிலர் பிழைத்திருப்பர்.

பின்வந்த ஆய்வுகள் யாவும் வீண் என்று நாம் கூறவில்லை. 1988 இல் வெளியான, 17,187 பேரைக் கொண்ட ஆய்வு, அஸ்பிரினும் மாரடைப்பு நோயாளரின் உயிரைக் காக்கும் என்று காட்டியது. அது புதிய கேள்வி. லான்செட் என்ற பிரித்தானிய மருத்துவ இதழும் 2005 இல், புதிய ஆய்வின் முடிவை முந்திய சான்றுகளோடு சேர்த்தே விளக்கவேண்டும் என்று எழுதுவோரைக் கேட்டது.

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் படிவத்தோடு வருவோர் பலர். கிணற்று நீர், பிள்ளைகளின் நிறை, இழந்த நிலம் எனக் கேட்பார்கள். நீங்களும் அவர்களிடம் கேளுங்கள்: இதை முன்னர் யார் கேட்டார்கள்? அவர்கள் கண்டது என்ன? எங்கள் பதிலை அதனோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பீர்கள்? தெரியாது என்பவரிடம், அதைத் தேடி அறிந்துகொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று மரியாதையாகவே சொல்லலாம்.