ஒட்டி நின்றால்தான் சூடு

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவைப் படங்களில் பார்ப்பவர்களுக்கு வெயில் காயும் கடற்கரைதான் கண்ணில் படும். தண்ணீரில் காலை வைத்தால்தான் சங்கதி தெரியும். ஆண்டின் பெரும்பகுதி அங்கே கடல்நீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். வசந்த காலத்தில் வீசும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. கரையில் வெயில் ஏற ஏறக் கடல் குளிரும் விந்தை இதனால்தான். அந்த நீர் சுமந்துவரும் சத்துகளை உண்டு கெல்ப் என்னும் பெரும் கடற்பாசி ஒரே நாளில் ஓர் அடிக்கு மேலும் வளர்ந்து, கடலுக்கடியில் காடாக நிற்கிறது. கடல்நீர்நாய்களும் சீல்களும் பாறைமீன்களும் அந்தக் காட்டை நம்பி வாழ்கின்றன. குளிர் இல்லையென்றால் அந்த அழகும் இல்லை. பார்க்க ஆசைப்படுபவர் குளிருக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

புதுச்சேரிக்கோ கோவளத்துக்கோ அப்பால், 28 டிகிரி நீரில் ஸ்கூபா கற்றுக்கொண்ட ஒருவருக்கு வெட்சூட் என்பது சிராய்ப்பும் சொறிமீன் தீண்டலும் படாமல் காக்கும் மெல்லிய உடை. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மான்டரேயில் அப்படி இறங்கக் கூடாது. அங்கே வழக்கமான உடை 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. தலைக்கு ஹூட், கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு முழு உடை.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. 28 டிகிரி அறையில் நமக்கு வியர்க்கும். அதே 28 டிகிரி நீரில் வெறும் உடம்போடு வெகுநேரம் அசையாமல் கிடந்தால் நடுக்கம் வந்துவிடும். உடல் தன் சூட்டை இழக்காமல் சும்மா மிதக்க வேண்டுமானால் நீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அப்படியானால் 12 டிகிரி நீர் எவ்வளவு சூட்டைப் பறிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு விடை கண்டவர் ஓர் இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிவிட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு வந்த ஹியூ பிராட்னர், 1950களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்கான உடையைப் பற்றி யோசித்தார். அதுவரை எல்லோரும் உடலை நனையாமல் காப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நனைந்தால் என்ன என்று கேட்டார் பிராட்னர். சூட்டைத் தடுத்து நிறுத்துவது துணிக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள்தான். குமிழ்கள் சூட்டைக் காத்துக்கொள்ளும் என்றால், தோலுக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் நிற்பதால் குற்றமில்லை. அப்படி நுண்குமிழ்கள் நிறைந்த ஒரு பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1930இல் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் பிறந்த நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை நுரைக்கவைத்து ஆக்கிய தகடு அது. பிராட்னர் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அதைச் சந்தையில் விற்றுப் பெயரெடுத்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் ஜாக் ஓ'நீலும், தெற்குக் கலிபோர்னியாவின் மெய்ஸ்ட்ரெல் இரட்டையரும். தொடக்ககால உடைகளில் உள்துணி கிடையாது. முகப்பவுடரைக் கொட்டி உடம்பை நுழைக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும்.

உடம்புக்குள் சூடு பிறக்கும் விதத்தையே அந்த உடை மாற்றியதற்குக் கொரியாவில் ஆதாரம் இருக்கிறது. அங்கே ஜேஜு தீவிலும் தென்கரையிலும் ஹேன்யோ எனப்படும் முக்குளிக்கும் பெண்கள், காற்றுக் கலன் ஏதுமின்றி மூச்சை அடக்கிக் கடலடியில் சங்கும் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். 1970கள் வரை பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்திலேயே உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்கு இறங்கிவிடும். கரையேறி, கல்வளையத்துக்குள் தீமூட்டிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி இறங்குவார்கள். இவர்களை 1960களிலிருந்து ஆராய்ந்த உடலியலாளர் சுக் கி ஹாங், குளிர்காலத்தில் இவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் கடலில் இறங்காத பெண்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார். ஓய்விலும் அதிகச் சூட்டைச் செய்து தள்ள உடம்பு பழகியிருந்தது. வெட்சூட் வந்தபின் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. 1980களின் தொடக்கத்தில் மீண்டும் அளந்தபோது அந்தத் தனித்திறன் மறைந்திருந்தது. உடம்பு செய்த வேலையை ரப்பர் எடுத்துக்கொண்டது. பெண்கள் நீரில் மணிக்கணக்கில் தங்கினார்கள்.

அப்படிப்பட்ட உடையைக் கடைக்காரர் நீட்டியதும் வாங்கி மாட்டிக்கொண்டு இறங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீரைச் சூடாக்குவது நம் உடம்புதான். அந்தத் தண்ணீரே நம்மைச் சூடாக வைத்திருக்கிறது என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். உண்மையில் அது நாம் கட்டும் வரி. வளர்ந்த ஒருவரின் தோல்பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நீர் நின்றால் அது 1.7 லிட்டர். 12 டிகிரியில் நுழைந்த அந்த நீரை 30 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 30 கிலோ கலோரி வேண்டும். ஓய்வில் இருக்கும் உடல் அரைமணி நேரத்தில் உண்டாக்கும் சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருமுறை கட்டினால் தாங்கலாம். உடை தளர்வாக இருந்தால், திரும்பும்போதெல்லாம் சூடேறிய நீர் வெளியேறிக் குளிர்நீர் புகும். ஐந்துமுறை மாறினால் இரண்டரை மணி நேரச் சூடு கடலுக்குப் போய்விட்டது. ஆகவே உள்ளே வந்த நீர் நகராமல் நிற்பதுதான் அளவின் முழு நோக்கம்.

நீர் எங்கே நகரும் என்று தெரிந்தால் எங்கே தொட்டுப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். முதல் இடம் முதுகின் கீழ்வளைவு. நேராக நிற்கும்போது ஒட்டியிருப்பதுபோல் தோன்றும் உடை, கொஞ்சம் குனிந்தால் அங்கே கூடாரம் போட்டுவிடும். கடலில் நாம் படுத்த நிலையில் நீந்துகிறோம். நிலைக்கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. அடுத்தது அக்குளும் கவட்டுப் பகுதியும். உடை மேலே முழுவதுமாக இழுக்கப்படாவிட்டால் இங்கே இடைவெளி விழும். ஒவ்வொரு உதைக்கும் அந்த இடைவெளி சுருங்கி விரிந்து நீரை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும். மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து மூன்றும் வாசல்கள். விளிம்பு தோலோடு நேராகப் படிய வேண்டும். கைக்கடிகாரமோ உள்பனியனோ நடுவே சிக்கக் கூடாது.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. கரையில் உடுத்தும்போது கொஞ்சம் திணறலாகத் தோன்றுவது இயல்பு, நீருக்குள் அது தளர்ந்துவிடும். ஆனால் நெஞ்சு நிறைய மூச்சிழுக்க முடியாவிட்டால் அந்த உடை வேண்டாம். கழுத்து விளிம்பு தொண்டையின் இருபுறமும் உள்ள நாடியை அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். கடலுக்கடியில் மயக்கம் உயிரை எடுக்கும். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள், முதுகுப்பக்கச் சிலிண்டரின் வால்வை எட்டித் தொடுங்கள். இவையெல்லாம் முடிந்தால்தான் அளவு சரி.

உயரமும் எடையும் மட்டும் கேட்கும் அளவு அட்டவணைகளை நான் நம்புவதில்லை. ஒரே உயரம், ஒரே எடை உள்ள இருவரில் ஒருவருக்குத் தோள் அகலம், மற்றவருக்கு இடுப்பு அகலம். பெண்களுக்கு இந்தத் துன்பம் இன்னும் அதிகம். மார்புக்குப் பொருந்தினால் இடுப்பில் தொங்கும், இடுப்புக்குப் பொருந்தினால் மூச்சு முட்டும். உடம்பில் பல இடங்களில் அளவெடுத்துத் தைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. விலை கூடும். ஆனாலும் தொங்கும் 7 மில்லிமீட்டரைவிட ஒட்டி நிற்கும் 5 மில்லிமீட்டரே சூடு தரும் என்பது என் உறுதியான எண்ணம். காசு சேர்ந்தால் கேமராவுக்கு முன்னால் உடையை வாங்குங்கள்.

தையலையும் பாருங்கள். வெதுவெதுப்பான கடலுக்கான உடைகளில் ஊசி துணியை முழுவதும் துளைத்திருக்கும். ஒவ்வொரு துளையும் நீருக்கு வழி. குளிர்நீருக்கான உடையில் விளிம்புகளை முதலில் பசையால் ஒட்டி, பிறகு ஊசி மறுபக்கம் வராமல் தைத்திருப்பார்கள்.

அளவு சரியாக அமைந்தபின்னும் ஆழம் தன் பங்கைக் கேட்கும். 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. ரப்பருக்குள் இருக்கும் குமிழ்கள் அதற்கேற்பச் சுருங்கும். ரப்பர் சுருங்காததால் துணி அதே விகிதத்தில் மெலியாது என்றாலும், 30 மீட்டரில் 7 மில்லிமீட்டர் உடை ஏறக்குறைய பாதியாகிவிடும். குளிர் கூடும் இடத்தில்தான் காப்பு குறைகிறது. மிதக்கும் தன்மையும் கூடவே போகிறது. மேற்பரப்பில் மூழ்குவதற்காகக் கட்டிக்கொண்ட ஈயம் கீழே சுமையாகி இழுக்கும். பலமுறை ஆழம் போய் வந்த உடையில் குமிழ்கள் நிரந்தரமாக நசுங்கிவிடுகின்றன. வாடகை உடையை விரலால் கிள்ளிப் பாருங்கள். புதியது பஞ்சுபோல் எழும்பும், தேய்ந்தது அட்டையாகக் கிடக்கும்.

சூடாக இறங்கிக் குளிர்ந்து ஏறுவது வெட்சூட் போட்டவரின் இயல்பான நிலை. அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு ஆய்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆபத்தான வரிசை இதுதான் என்றது. கீழே ரத்தம் நன்றாக ஓடும்போது திசுக்கள் நைட்ரஜனை வாங்கிக்கொள்கின்றன; மேலேறும்போது குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அதை வெளியேற்றுவது தாமதமாகிறது. மூட்டுவலியிலிருந்து பக்கவாதம்வரை போகக்கூடிய அழுத்தநீக்க நோய்க்கு அது வழி. குளிரில் விரல் மரத்துப்போவதும் மூச்சுக்காற்று வேகமாகத் தீர்வதும் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பின்விளைவு பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே இரண்டாவது டைவுக்கு இறங்கும் முன் உங்களோடு வருபவரை ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லுங்கள்: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடட்டும். தடுமாறினால் அன்றைக்கு அவருக்குக் கடல் போதும். நீருக்குள் நடுக்கம் தொடங்கிவிட்டால், காற்று எவ்வளவு மிச்சமிருந்தாலும் கட்டைவிரலை மேலே காட்டிவிட்டு, அவசரப்படாமல், முறைப்படி நின்று நின்று ஏறுங்கள். கரையில் காற்றுப்படாத இடத்தில் ஈர உடையைக் கழற்றி, முதலில் தலையைத் துவட்டி, உலர்ந்த தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்.