எண் மூன்று போதும்

நம் வாடிக்கையாளர்களில் பலருடைய பிள்ளைகள் ஜெர்மனியில் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். குளிர்காலத்தில் அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர், சன்னலின் கீழ் சுடுநீர் ஓடும் ரேடியேட்டரையும், அதன் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண்கள் பொறித்த திருகையும் காண்பர். குளிர் தாங்காமல் அதனை 5-இல் வைத்தால் அறை விரைவில் சூடாகும் என எண்ணுவது இயல்பே. ஆனால் அவ்வெண் வேகத்தைக் குறிப்பதன்று. அறை எட்டவேண்டிய வெப்பநிலையைக் குறிப்பது.

திருகினுள் திரவமோ மெழுகோ அடைக்கப்பட்ட சிறு உணரி உள்ளது. அறைக் காற்று சூடேறினால் அது விரிந்து வால்வை மூடுகிறது. காற்று குளிர்ந்தால் சுருங்கி, சுடுநீருக்கு வழிவிடுகிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. டென்மார்க் நாட்டின் மாட்ஸ் கிளாசன் 1943-இல் உருவாக்கிய சாதனம் இது.

பொதுவாக 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். 5 என்பது 28 டிகிரி. குளிர்ந்த அறையில் இரண்டிலும் வால்வு நன்கு திறந்தே இருப்பதால், 20 டிகிரியை எட்டும் நேரத்தில் பெரிய வேறுபாடு இராது. 5-இல் வைத்தால் அதன்பின்னும் சூடேற்றம் நிற்பதில்லை என்பதே வேறுபாடு.

இதன் விலை சிறிதன்று. அறை வெப்பநிலையை ஒரு டிகிரி குறைத்தால் எரிபொருள் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது அங்கு வழங்கும் கணக்கு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெப்பச் செலவின் 50 முதல் 70 சதவீதம் வரை அவரவர் பயன்பாட்டின்படியே பகிரப்படுகிறது. ஆண்டுக் கணக்கு வரும்போது, மாணவர் ஒருவரின் கையிருப்பையே அது அசைத்துவிடக்கூடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. திருகைத் திரைச்சீலையாலோ சோபாவாலோ மறைக்கலாகாது. மறைத்தால் அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடென்று கொண்டு வால்வு முன்னதாகவே மூடிக்கொள்ளும். சன்னலைத் திறக்குமுன் திருகைத் தாழ்த்துதல் நன்று. இல்லையேல் குளிர்காற்றுப் பட்டு வால்வு முழுதும் திறந்துவிடும். வெளியூர் செல்லும்போது பனித்துகள் குறியில் வைத்தால், குழாய்நீர் உறையாதவாறு அறை சுமார் 6 டிகிரியில் காக்கப்படும். ஆயினும் சிக்கனம் கருதி முதியோர் குளிரில் நடுங்கலாகாது. குளிர்நாடுகளில் வீட்டினுள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் வீட்டு ஏ.சி.க்கும் இவ்விதி பொருந்தும். 16-இல் வைப்பதால் மட்டும் அறை விரைந்து குளிர்வதில்லை, மின்கட்டணமே கூடுகிறது. வேண்டிய அளவை முதலிலேயே குறித்துவிட்டுக் காத்திருப்பதே இரண்டிலும் சேமிப்பு.