நாள் தள்ளிப்போகும் முன்பே

தமிழக எல்லையைத் தாண்டியதும் தடா அருகே விரிந்து கிடக்கிறது ஸ்ரீ சிட்டி. சத்தியவேடு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் பஸ் ஏறி அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வரும் இளம்பெண்கள் ஏராளம். கல்யாணம் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களுமான அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் 28 நாள்

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் அந்தக் காலம் பெரும்பாலும் கடந்துவிடும். குழாய் மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவோடு குழந்தை பிறக்கலாம். சில குழந்தைகளுக்கு மூளையே வளர்வதில்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் இந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. முதல் குழந்தைக்குத் தயாராகும் பெண்ணுக்கு தினம் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு இக்குறையுள்ள குழந்தை பெற்றவர்களுக்குக் கூடுதல் அளவு தேவை; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கைக்கும் தரப்பட்டது. கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்த பிறகே, 1961இல் திரும்பப் பெற்றார்கள். இன்று நான் அஞ்சுவது முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயினையும், வலிப்புக்கான வால்ப்ரோயேட்டையும். இரண்டுமே கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஆனால் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்து. கல்யாணம் நிச்சயமானதுமே நரம்பியல் டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளலாம். ரூபெல்லா தடுப்பூசி போடாதவர்கள் அதையும் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் போடக் கூடாது.

வேலை செய்யும் இடத்தில்

ஈயப் புகை, டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி ஆகியவை கருவுக்குக் கேடு. ரசாயன டப்பாவில் சிவப்புக் கட்டத்துக்குள் மனித உருவமும் நெஞ்சில் நட்சத்திரமும் இருந்தால், பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் H360 என்றிருந்தால் கருவளத்தையோ கருவையோ பாதிக்கக்கூடியது என்று பொருள். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் உதடு பிளந்தது என்று மருமகளை ஏசும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது முழுப் பொய். பெரும்பாலான பிறவிக் குறைகளுக்குத் திட்டவட்டமான காரணம் தெரிவதே இல்லை. உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் குறை போன்றவற்றைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தரும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளே, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஃபோலிக் அமில மாத்திரை கேளுங்கள்.