சட்டென்று பொங்கும் பிள்ளைகள்: வீட்டில் என்ன செய்யலாம், எங்கே கேட்கலாம்?

தோசை முறுகலாக வரவில்லை என்றால் ஒரு குழந்தை முகம் சுளிக்கும், அவ்வளவுதான். இன்னொரு குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு அரை மணி நேரம் அழும். ஒரே வீட்டில், ஒரே அம்மா அப்பாவிடம் வளரும் பிள்ளைகளிடமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். மூத்தவன் "சரி, விடு" என்று போய்விடுவான். இளையவளுக்கு சாக்ஸில் இருக்கும் தையல் விரலில் உறுத்தினாலே போதும், பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, தரையில் உட்கார்ந்து கத்துவாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் பெயருக்குப் பஞ்சமில்லை. அடம், வீம்பு, முரண்டு, "செல்லம் கொடுத்துக் கெடுத்தது". அடம் பிடிக்கும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு உணர்ச்சி என்பதே மற்றவர்களைவிட வேகமாக வரும், பெரிதாக வரும், அடங்கவும் நேரம் எடுக்கும். அது பிறவிச் சுபாவம். அமெரிக்காவின் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் தொடங்கி, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 10 சதவீதக் குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே புதியதை ஏற்கச் சிரமப்படுபவர்களாக, உணர்ச்சியைத் தீவிரமாகக் காட்டுபவர்களாக இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பின்னால் நன்றாக வருவதும் வராததும், அவர்களின் சுபாவத்துக்கும் பெரியவர்கள் அவர்களை நடத்தும் விதத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சார்ந்தது என்பது அவர்கள் சொன்ன முக்கியமான செய்தி. அதாவது சுபாவத்தை மாற்ற முடியாவிட்டாலும், நாம் நடந்துகொள்ளும் முறையை மாற்ற முடியும்.

கத்தும்போது பாடம் ஏறாது

ஆபத்து என்று தோன்றியவுடன் மூளையில் அமிக்டலா என்ற சிறிய பகுதி மணி அடிக்கிறது. இதயம் படபடக்கிறது, உடம்பு முறுக்கேறுகிறது. அதைக் கட்டுப்படுத்தி "பொறு, யோசி" என்று சொல்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. அது முழுதாக வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயது ஆகிவிடும். பிரேக் இன்னும் முழுசா பிடிக்காத வண்டியை ஓட்டும் பிள்ளையிடம், வண்டி இறக்கத்தில் ஓடும்போது "ஏன் இப்படிப் பண்றே? நேத்துதானே சொன்னேன்?" என்று கேட்டுப் பயனில்லை. கேள்வி காதில் விழும், உள்ளே போகாது.

அதனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். குழந்தைக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குங்கள், அல்லது பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். நின்றுகொண்டு பேசாமல், அதன் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, "நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். சில பிள்ளைகளுக்கு அணைத்துக்கொண்டால் அடங்கும், சில பிள்ளைகளுக்குத் தொட்டாலே இன்னும் ஏறும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உணர்ச்சி தப்பு இல்லை, செய்கை தப்பாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: "பொம்மை உடைஞ்சது உனக்குக் கடுப்பாத்தான் இருக்கும். அதுக்காகத் தம்பியை அடிக்கக் கூடாது." அவ்வளவுதான். மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் அது பிரசங்கம்.

போன் கொடுத்தால் அடங்குகிறதே?

அடங்கும். அதுதான் சிக்கல். அழுதால் போன் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் உடனே பலன் கிடைப்பதால் இந்தப் பழக்கம் வெகு சீக்கிரம் வேர் பிடித்துவிடுகிறது. ஏமாற்றம் வந்தால் அதைத் தாங்கி, தானாக அடங்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது.

இன்று முதல் அழுதால் போன் கிடையாது என்று முடிவெடுக்கும் பெற்றோர் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் அழுகை குறையாது, அதிகமாகும். இதுவரை பத்து நிமிடம் அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், இருபது நிமிடம் அழுது பார்ப்பது இயல்புதானே? பல வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது நாளில் "பாவம், தொண்டை கட்டிப்போச்சு" என்று யாராவது போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு பிள்ளை கற்றுக்கொண்டது, 'பத்து நிமிடம் போதாது, இருபது நிமிடம் அழ வேண்டும்' என்பது. சில நாள் கொடுத்து சில நாள் மறுப்பது எப்போதும் கொடுப்பதைவிட மோசம். எனவே தாத்தா, பாட்டி, அத்தை, வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் எல்லாம் பேசி ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள். ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

போனை வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாத கணக்கு. "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்றால் புரியும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். முடிந்ததும் அணைக்கும் பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும். அடுத்து கைக்கு ஒரு வேலை தயாராக இருக்கட்டும்: பட்டாணி உரிக்க, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை பிசைய, செடிக்குத் தண்ணீர் ஊற்ற. ஃபேமிலி லிங்க் போன்ற செயலிகளில் நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் பாதி வீடியோவில் திரை பூட்டிக்கொண்டால் அதுவே ஒரு புயலைக் கிளப்பும், கவனம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளை மூன்று தடவை "அம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிடும்போது நாம் திரையைப் பார்த்தபடியே "ம்" கொட்டுகிறோம். நாலாவது தடவை அது கத்துகிறது. அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறோம்.

புயலுக்கு முன்னும் பின்னும்

உண்மையான வேலை முழுவதும் பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில்தான். இரண்டு வாரம் ஒரு நோட்டிலோ போனிலோ குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் பொங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படி அடங்கியது. 'காரணமே இல்லாம கத்துறான்' என்று நினைத்த பலருக்கு இதில் ஒரு வரிசை தெரியவரும். பாதி சண்டை பள்ளி விட்டு வந்த பசி நேரத்தில் நடந்திருக்கும். மீதியில் ஒரு பங்கு, முந்தின இரவு தாமதமாகத் தூங்கியதால். பள்ளி செல்லும் வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்?

சிலவற்றுக்குச் சின்னத் திருத்தமே போதும். தையல் உறுத்தும் சாக்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு போட்டுவிடலாம். கழுத்தில் குத்தும் லேபிளை வெட்டிவிடலாம். புது யூனிஃபார்மை இரண்டு தடவை துவைத்துவிட்டுப் போடலாம். இதெல்லாம் செல்லம் கொடுப்பது ஆகாது. அந்தப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே உறுத்துகிறது.

சலூனில் ஆர்ப்பாட்டம் செய்யும் பிள்ளையைக் கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில் அழைத்துப் போங்கள். முதல் தடவை அப்பா முடி வெட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அடுத்த தடவை ட்ரிம்மரைக் கையில் தொட்டுப் பார்க்கட்டும். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு மிரளும் என்றால், போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள்: "தாலி கட்டும்போது டமடமன்னு கெட்டிமேளம் அடிப்பாங்க. அப்போ நாம காதைப் பொத்திக்கலாம். முடியலைன்னா என் கையை ரெண்டு தடவை அழுத்து, வெளியே போயிட்டு வரலாம்." கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி, ஆனால் பயம் வளர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதுதான் வழி.

தோற்றால் தாங்காத பிள்ளைக்குத் தாயக்கட்டம் நல்ல பள்ளிக்கூடம். பெரியவர் தோற்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "சே, தோத்துட்டேன், எரிச்சலா இருக்கு. சரி, அடுத்த ஆட்டம் பாப்போம்." அடிக்கடி விட்டுக்கொடுத்து ஜெயிக்கவைத்தால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

அழுகை அடங்கி, தண்ணீர் குடித்து, பழைய முகம் வந்த பிறகு பேசுங்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரிந்த உணர்ச்சிச் சொற்கள் இரண்டே இரண்டு: கோபம், அழுகை. உண்மையில் அது ஏமாற்றமாக இருந்திருக்கும், பொறாமையாக, வெட்கமாக, பயமாக, ஏக்கமாக இருந்திருக்கும். "தம்பிக்கு மட்டும் புது பை வாங்கினதால உனக்கு ஏக்கமா இருந்துச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாக இருந்தால் பிள்ளையே திருத்தும். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அமிக்டலாவின் வேகம் தணிவதை கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். சூடான பாலை ஊதுவதுபோல் மெதுவாக மூச்சை வெளியே விடும் பயிற்சியையும் இந்த நேரத்தில்தான் விளையாட்டாகச் சொல்லித்தர வேண்டும். நல்ல நேரத்தில் பழகாத பயிற்சி கெட்ட நேரத்தில் கை கொடுக்காது.

"அடியாத மாடு படியாது, ரெண்டு வெச்சா சரியாயிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அடித்தால் சத்தம் நிற்கும், பயத்தால். கோபம் வந்தால் பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதுதான் அதில் பிள்ளை படிக்கும் பாடம். பள்ளியில் அடிப்பதும் மனம் நோகும்படி நடத்துவதும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.

"ஸ்கூல்ல தங்கமான புள்ளைன்னு டீச்சர் சொல்றாங்க, வீட்டுக்கு வந்தாத்தான் ஆட்டம்" என்பது பல அம்மாக்களின் புகார். நாள் முழுக்க அடக்கிவைத்ததை, நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறது பிள்ளை. வந்தவுடன் "என்ன ஹோம்வொர்க்?" என்று தொடங்காமல் அரை மணி நேரம் சாப்பாடும் விளையாட்டும் கொடுத்துப் பாருங்கள்.

எப்போது, யாரிடம் கேட்பது?

இரண்டு மூன்று வயதில் புரண்டு அழுவது சாதாரணம். ஐந்து வயதைத் தாண்டியும் அநேகமாகத் தினமும் நடந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ, தூக்கம், சாப்பாடு, படிப்பு கெட்டாலோ உதவி கேளுங்கள். பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமம் ஆகியவை கூட இருந்தால் காத்திருக்க வேண்டாம். அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் அது சுபாவம் அல்ல. யாராவது மிரட்டுகிறார்களா, தவறாகத் தொடுகிறார்களா என்று பொறுமையாக விசாரியுங்கள். "செத்துப்போயிடுவேன்" என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்வதாக எண்ணாமல் அன்றே பேச வேண்டும்.

முதலில் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் நடக்கும் டெலி மானஸ் மனநல சேவை இது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம், மாணவரும் பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளைக்கு ஆபத்து, வன்முறை, பாலியல் தொல்லை என்றால் 1098. பள்ளி சம்பந்தப்பட்ட வழிகாட்டுதலுக்கு 14417.

நேரில் பார்க்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பேச்சு, வளர்ச்சி பற்றிய சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து இந்த மையத்துக்கு அனுப்புகிறது. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ தலைமை ஆசிரியரிடமோ கேட்டுவைத்து, உங்கள் சந்தேகத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சென்னைக்கு அருகே இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனமும் உண்டு.

போகும்போது அந்த இரண்டு வாரக் குறிப்பை எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், எனவே வீட்டில் நடந்ததை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்திருந்தால் உதவும். பிள்ளை முகத்துக்கு நேரே போனை நீட்டாமல் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ போட வேண்டாம். டாக்டர் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.