நீண்ட இறக்கத்தில் கலப்பின மகிழுந்தின் எஞ்சின்

கலப்பின மகிழுந்து மலையிறங்கும்போது ஆற்றலைச் சேமித்துக்கொண்டே செல்லும் என்பது பொதுவான எண்ணம். நீண்ட இறக்கத்தில் அது பாதியளவே உண்மை. அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் மலைச்சாலையில், 4,302 மீட்டர் உயரச் சிகரத்திலிருந்து, இறங்கும் வண்டிகளின் பிரேக் வெப்பம் அளக்கப்படும் கிளென் கோவ் வரை சுமார் 800 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கினால் ஏறத்தாழ 3.3 கிலோவாட் மணி நிலையாற்றல் விடுபடும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் மின்கல அடுக்கு கொள்வதோ 1.3 கிலோவாட் மணிதான். அதன் ஆயுள் கருதி அதிலும் ஒரு பகுதியே பயன்படுத்தப்படுகிறது. காற்றுத் தடையும் சக்கரங்களின் உருளல் தடையும் விழுங்கியது போக எஞ்சும் ஆற்றலுக்கு வேறு போக்கிடம் வேண்டும்.

அந்தப் போக்கிடம் எஞ்சினே. மின்கலம் நிரம்பியதும், சக்கரங்களோடு பிணைந்த மின்பொறி உண்டாக்கும் மின்சாரம் இரண்டாவது மின்பொறிக்குச் செல்கிறது; அது எரிபொருளின்றியே எஞ்சினைச் சுழற்றுகிறது. காற்றை இழுத்து அமுக்கி வெளித்தள்ளும் வேலையில் ஆற்றல் கரைகிறது. எஞ்சின் உரக்க ஒலிப்பதால் எரிபொருள் வீணாகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. கியர்த் தண்டை ‘பி’ நிலைக்கு மாற்றினால், மின்கலம் நிரம்புமுன்பே இது தொடங்கிவிடும். ஆகவே அது சேமிப்புக்கான நிலையன்று, உராய்வுப் பிரேக்குகளைக் காக்கும் நிலை.

சிக்கல் எழுவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான். சிகரத்தில் நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பினால், இறக்கத்தில் உந்துவிசை தேவைப்படாதபோதும் எஞ்சின் எரிபொருளை எரிக்கும். புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி சூடேறினால்தான் நச்சுவாயுக்களை மாற்றும். எரிபொருளின்றிச் சுழலும் எஞ்சினோ அதனுள் குளிர்காற்றையே செலுத்துகிறது. சூடேற்றலும் தடுப்பும் ஒரே எஞ்சினிடம் எதிரெதிரானவற்றைக் கேட்கின்றன. அமெரிக்காவில் விற்கப்பட்ட இரண்டாம் தலைமுறை பிரியஸில், சூடான குளிர்விப்பு நீரை வெப்பக்குடுவையில் சேமித்து, அடுத்த முறை கிளப்பும்போது எஞ்சினுக்குள் செலுத்தும் ஏற்பாடு இருந்தது. அது எஞ்சினின் குளிரைத் தணித்தது. வினையூக்கி மாற்றியின் குளிரை அன்று.